பூஜைக்கு வைத்த கத்தி

புலன்விசாரணையில் கைப்பற்றப்படும் பொருளை, அதிலும் ரத்தக்கறை இருப்பதாகச் சந்தேகப்படும் பொருளை, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் பொதிந்து, துணியுறையில் தைத்து, அரக்கு முத்திரையிட்டு, காலதாமதமின்றி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றம் அதைத் தன் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி வைக்கும். விதி இவ்வளவுதான். உலர்த்துவதும் தைப்பதும் யாருக்கும் சிரமமில்லை. சிரமமெல்லாம் 'காலதாமதமின்றி' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

அந்தச் சொல்லோடு உத்தியோகக் காலம் முழுவதும் குடித்தனம் நடத்தியவன் நான். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாக நடுவர் நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். காவல் நிலையங்களிலிருந்து வரும் பொருள்களைச் சரிபார்த்து வாங்குவது, ஆய்வகத்துக்குக் கடிதம் தயாரிப்பது, பதில் வராதபோது நினைவூட்டு அனுப்புவது, அந்த நினைவூட்டுக்கும் பதில் வராதபோது அதை நினைவூட்டுவது, இவை என் வேலைகள். 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய உறை என் மேசைக்கு வந்து சேரும்போது மை வெளுத்து ரோஜா நிறமாகியிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு திண்டிவனத்தில் வீட்டில் இருந்தபடி மனு எழுதித் தருகிறேன். தகவல் உரிமை, பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, எது வேண்டுமானாலும். கட்டணம் கிடையாது, அதனால் மரியாதையும் கொஞ்சம் குறைவு. வியாழக்கிழமை காலை மட்டும் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜனங்கள் அதை நன்றாகப் படித்துவிட்டு மற்ற நாட்களில் வருகிறார்கள். வியாழக்கிழமை கூட்டமாக இருக்கும் என்று பயந்து முன்னதாக வருகிறார்களாம்.

தை மாதத்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார், எங்களுக்கு எதிர் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அம்மா. மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மகளோடு இருக்க ஊரைவிட்டு வந்திருக்கிறார் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். கணவர் கொலையுண்டவர் என்பதையும் சொல்லியிருந்தாள். கைம்பெண் உதவித்தொகைக்கு மனு எழுதத்தான் வருகிறார் என்று நினைத்து நான் தாளை எடுத்து வைத்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"லேப்ல இருந்து பதில் வந்துச்சான்னு தெரியணும் சார். ஆட்டு ரத்தமா, மனுச ரத்தமான்னு."

கதையை அவர் சொன்னபடியும், பிறகு நான் விசாரித்தபடியும் தொகுத்துச் சொல்கிறேன்.

பனமலை ஏரிப் பக்கத்து ஊர். அண்ணன், தம்பி இரண்டு பேர். அப்பன் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரு கிணறு, இரண்டு மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் முறை. மோட்டார் ஓட்டுவதற்கான மும்முனை மின்சாரம் அந்தப் பக்கம் பெரும்பாலும் இரவில்தான் வரும். அதனால் முறை என்பது இரவு முறை. ஒருவர் நாளில் மின்சாரம் பாதியில் நின்றுபோனால் மறுநாள் யாருடையது என்பதில் சகோதரர்களுக்குள் இருபது வருடமாகக் கருத்து வேறுபாடு இருந்தது.

ஆவணிக் கடைசி ஞாயிறு அன்று தம்பி குலதெய்வத்துக்குக் கெடா வெட்டினார். மறுவாரம் புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாதம் கவிச்சி கிடையாது. ஆகவே அந்த ஞாயிறு எங்கள் பகுதியில் ஆடுகளுக்கு நல்ல நாள் அல்ல. சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது கிணற்று முறை பற்றிப் பேச்சு வந்தது. பங்காளிகள் அத்தனை பேர் முன்னிலையில் அண்ணன் தம்பியை ஏதோ சொல்லிவிட்டார். தம்பி இலையிலிருந்து எழுந்துவிட்டார். புரட்டாசி பிறந்த அன்று அண்ணனுடைய முறை. தண்ணீர் கட்டப் போனவர் காலையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கழுத்து வெட்டுண்டு கிடந்தார். மோட்டாருக்குப் போகும் கேபிள் அறுபட்டுக் காணாமல் போயிருந்தது.

கொலைக்கு மூன்று கொள்கைகள் உருவாயின.

போலீசாருடைய கொள்கை தம்பி. ஊரறிந்த சண்டை இருந்தது. அவருடைய மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஒரு வெட்டுக்கத்தி செருகியிருந்தது. அதில் பழுப்பு நிறக் கறை இருந்தது. கெடா வெட்டிய கத்தி, வைக்கோலில் துடைத்துச் செருகிவிட்டேன் என்றார் தம்பி. அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கேபிளை அறுத்தது, திருட்டு போலக் காட்டுவதற்காக என்பது போலீசார் விளக்கம்.

இரண்டாவது கொள்கை கேபிள் திருடர்கள். செம்புக்காகக் கிணறு கிணறாகப் போய் அறுக்கிறவர்கள் அந்த வருடம் அதிகம். கொட்டகையில் அவர் தூங்குகிறார் என்று நினைத்து மோட்டாரை நிறுத்தி அறுத்திருப்பார்கள், அவர் விழித்திருப்பார், அடையாளம் சொல்லிவிடுவார் என்று வெட்டியிருப்பார்கள். இதற்குப் போலீசார் எழுப்பிய கேள்வி நியாயமானது: மின்சாரம் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிற திருடன் ஓடுகிற மோட்டாரை ஏன் தேடி வந்தான்?

மூன்றாவது, டீக்கடைக் கொள்கை. ஏரிக்கரை வழியாகப் புதுச்சேரி பாட்டில் கடத்துகிறவர்களை இறந்தவர் ஒருமுறை திட்டியிருக்கிறார்; அவர்கள் வந்து முடித்துவிட்டார்கள். இதற்குச் சான்று ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளூர்க்காரர் யாரையும் புண்படுத்தாத கொள்கை என்பதால் ஆதரவு இதற்கே அதிகம்.

தடயங்களைப் பார்ப்போம். காலடித் தடங்களை விடிவதற்குள் ஊர் முழுக்க வந்து நடந்து அழித்துவிட்டது. மோப்ப நாய் கொட்டகையிலிருந்து கரைமேல் ஓடி, பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கொலையாளி பஸ்ஸில் போயிருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். தம்பி தினமும் அந்த நிறுத்தத்தில் விழுப்புரம் பஸ் ஏறுகிறவர்; ஊரில் பாதிப் பேரும் அப்படியே. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், 'இது போன்ற கனமான கூரிய ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம்' என்று எழுதினார். மருத்துவர்கள் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த 'லாம்' பலரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது, பலரை வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறது.

ஆக, எஞ்சியது கத்தி. அதன்மேல் இருப்பது ஆட்டு ரத்தமா மனித ரத்தமா என்று ஆய்வகத்தால் சொல்ல முடியும். அதற்கான சோதனை பழையது, எளியது. போலீசார் தம்பியைச் சில நாள் வைத்து விசாரித்துவிட்டு, அறிக்கை வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். கைதும் இல்லை, விடுதலையும் இல்லை. அறிக்கை வரட்டும் என்று ஊரும் சொன்னது. அறிக்கை வரவில்லை.

"உங்களுக்கு அது தெரிந்து என்ன ஆகவேண்டும்?" என்று கேட்டேன். மனுவில் காரணம் எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் கேட்டேன்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. தகப்பன் இறந்த வருடத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், தவறினால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வைகாசியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். சித்தப்பா என்றால் அந்தத் தம்பிதான்.

"அவன் பண்ணலன்னா அவன்தான் சார் ஒக்காரணும். கண்டமங்கலத்துல ஒரு பங்காளி இருக்காரு, கூப்ட்டா வருவாரு. ஆனா அவர ஒக்கார வெச்சா, நானே ஊருக்குத் தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும். அவன் பண்ணியிருந்தா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்து எழுதவில்லை.

புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் காவல் அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தின் பெயரை உச்சரிக்க எனக்கே சில வாரங்கள் ஆயின. உள்ளே இருப்பது பழைய சங்கதிதான் என்றாலும் இந்தத் தொண்ணூறு நாள் புதுசு, உருப்படியானது. அந்த அம்மாவுக்கு யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. கெடு தாண்டி வெகுநாளாயிற்று. அதைச் சுட்டி ஒரு மனுவும், தகவல் உரிமையின்கீழ் ஒரு மனுவும் எழுதினேன். கையெழுத்தை நிதானமாகப் போட்டார்.

அடுத்த வாரம், வியாழக்கிழமை, சரியாகக் காலையில், ஒரு பை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, ஒருவர் வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் அண்ணன் மகள் என்னைப் பற்றிச் சொன்னாள் என்றார். அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்றார். மகள் சித்தப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதை இப்படித் தெரிந்துகொண்டேன். அவர் கேட்டதும் அதே பதிலைத்தான்.

"ஆட்டு ரத்தம்னு ஒரு கடுதாசி வந்துட்டாப் போதும் சார். அத லேமினேஷன் பண்ணி பாக்கெட்ல வெச்சிக்கினு திரிவேன். டீக்கடைல நான் போனா பெஞ்சி காலியாவுது சார்."

அவருக்கும் ஒரு மனு எழுதினேன். ஒரு கட்சிக்காரரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை. அந்த மல்லாட்டையை என் மனைவி வேகவைத்தாள். அன்று சாயங்காலம் மாடி வீட்டு அம்மா வந்து இரண்டு உரித்துத் தின்றுவிட்டு, எங்க ஊரு மல்லாட்ட மாதிரியே இருக்கே என்றார். எல்லா மல்லாட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று மனைவி சொன்னாள். அவளுக்கும் நடைமுறை தெரியும்.

தகவல் உரிமை மனுவுக்கு முதல் பதில் வந்தது. கேட்ட தகவலை அளித்தால் புலன்விசாரணைக்கு இடையூறு ஏற்படும் என்று மறுத்திருந்தார்கள். இடையூறு ஏற்பட வேண்டுமானால் முதலில் புலன்விசாரணை நடக்க வேண்டும் என்பதை மரியாதையான நடையில் எழுதி மேல்முறையீடு செய்தேன். தொண்ணூறு நாள் மனுவுக்குப் பதிலே இல்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அந்த அம்மா வாரம் ஒருமுறை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்; நான் தலையை அசைப்பேன்; உள்ளே போய்விடுவார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. தாரை வார்க்கிறவர்கள் பெயர் அதில் வர வேண்டும்.

சித்திரையில் ஒருநாள் பஸ் ஏறி அந்தக் காவல் நிலையத்துக்கே போனேன். அங்கே ரைட்டராக இருக்கும் ஏட்டு, பல வருடங்களுக்கு முன் நீதிமன்றக் காவலராக என் மேசைக்கு வந்து போனவர். பொருள்களைத் தப்பும் தவறுமாகக் கட்டிக்கொண்டு வருவார். நான் திருப்பி அனுப்புவேன். அந்தப் பழக்கத்தில் இன்றும் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். டீ சொன்னார். கத்தியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கத்திய ஏன் சார் கேக்கறீங்க, ஒரே பேஜாரு" என்று குரலைத் தாழ்த்தினார்.

ஆய்வகம் சும்மா இருக்கவில்லை. ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. பொருளின்மீது சந்தனம், குங்குமம், எண்ணெய் ஆகியவை உள்ளன. கைப்பற்றும்போதே இந்த நிலையில் இருந்ததா என்பதைத் தெளிவுபடுத்தவும். அந்தக் கேள்விக்குத்தான் நிலையத்தில் மாதக்கணக்காக யாரும் பதில் எழுதவில்லை.

நடந்தது இதுதான். கத்தியைக் கைப்பற்றியபோது நிலையத்தில் அரக்கு தீர்ந்திருந்தது. அரக்கு வந்ததும் முத்திரையிட்டு அனுப்பலாம் என்று செய்தித்தாளில் சுற்றி, அடையாளச் சீட்டைக் கட்டி, அலமாரிமேல் வைத்தார்கள். அரக்கு வருவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. முதல் நாள் நிலையத்தை அலசிவிட்டார்கள். லத்தி, துப்பாக்கி, கடப்பாரை, ஜீப், எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கும் பொறுப்பைப் புதிதாக வந்திருந்த பெண் காவலரிடம் ஒப்படைத்தார்கள்.

"ஸ்டேஷன்ல இருக்கற ஆயுதம் ஒண்ணு வுடக்கூடாதுன்னு ஐயா ஆர்டரு. அந்தப் பொண்ணு ஒண்ணு வுடல சார். பிரிச்சி, சோப்பு போட்டுக் கழுவி, எண்ண தடவி, சந்தனம் குங்குமம் வெச்சி, சூடம் காட்டிட்டு, திரும்ப அதே பேப்பர்ல சுத்தி சீட்ட கரெக்டா கட்டி வெச்சிடுச்சி. கழுவுன வேலைல ஒரு கொற சொல்ல முடியாது." டீயைக் குடித்துவிட்டு, "லேபுக்கு என்னான்னு எழுதறது சார்? சாமி கும்பிட்டோம்னா எழுத முடியும்?" என்றார்.

எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. எங்கள் நீதிமன்றத்திலும் ஆயுத பூஜை நடக்கும். தட்டச்சுப்பொறி, முத்திரை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. குற்றவாளிக் கூண்டுக்கும் சந்தனம் வைப்போம்; அது எந்த வகை ஆயுதம் என்று யாரும் கேட்டதில்லை. வழக்குப் பொருள்களை வைக்கும் சொத்து அறை மட்டும் தப்பித்தது. அதைத் திறக்க நடுவரிடம் அனுமதி கேட்க வேண்டும். விடுமுறை நாளில் கேட்க யாருக்கும் தைரியமில்லை. ஆதாரங்கள் எங்களிடம் பத்திரமாக இருந்ததற்கு அதுதான் காரணம், எங்கள் அறிவு அல்ல.

ஆய்வகத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதும்படி ஏட்டிடம் சொன்னேன். பரிசோதனைக்கு முன் 'வழக்கமான பராமரிப்பின்போது' பொருள் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதலாம் என்றும் வாசகம் கொடுத்தேன். அவர் முகம் தெளிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத்தான் தெளியவில்லை. இரண்டு பேர் ஒரு காகிதத்தை நம்பிக் காத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் வரும். அதில் ஒன்றும் இருக்காது.

ஒரே தகவலைத் தனித்தனியாக இரண்டு முறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. இரு தரப்புக்கும் பொதுவாக ஓர் உத்தரவு வழங்க நடைமுறையில் இடமுண்டு. அந்த வியாழக்கிழமைக்கு இருவரையும் வரச்சொன்னேன், ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல்.

கூடத்தில் அவரைப் பார்த்ததும் அந்த அம்மா திரும்பிப் போக அடியெடுத்தார். என் மனைவி வாசலில் நின்றிருந்ததால் முடியவில்லை. அந்த அம்மா கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தம்பி சமையலறைப் பக்கம் இன்னொன்றில். கத்தி கழுவப்பட்ட விவரத்தைச் சொன்னேன். ஆய்வகத்தால் இனி ஆடு என்றோ மனிதன் என்றோ சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மா, "கழுவிட்டாங்களா" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும், "கழுவிட்டாங்களா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தே பேசினார். "சார், அன்னிக்கி எங்க மோட்டாரு நின்னது அவருக்குக் கேட்டுச்சான்னு கேளுங்க."

அவரும் என்னைப் பார்த்தே, "போலீஸ்ல சொல்லிட்டனுங்க சார். த்ரீ பேஸு போயிடுச்சின்னு நெனச்சிப் படுத்துட்டேன்" என்றார்.

"மோட்டாரு நின்னா ஓடிப் போயிப் பாக்கற ஆளு, அன்னிக்கி மட்டும் ஏன் போவலன்னு கேளுங்க சார்."

நான் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த மனைவி தட்டை வைத்துவிட்டு, "இவரு என்ன மைக்கா? ஆளுக்கு ஒரு பக்கமா பேசிக்கினு இருக்கீங்க. நேராக் கேளும்மா" என்றாள்.

அந்த அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரர நீ வெட்னியா?"

"இல்ல அண்ணி."

தெருவில் தண்ணீர் கேன் வண்டி வந்து நின்று, கேன்களை இறக்கிவிட்டுப் போயிற்று. விசாரணை அதிகாரி, நாய், மருத்துவர், ஆய்வகம் என்று எல்லோரிடமும் போன கேள்வி, அந்த அம்மாவின் வாயிலிருந்து அவரிடம் போனது அதுதான் முதல் தடவை.

"ஆனா த்ரீ பேஸு போவல அண்ணி" என்றார் தம்பி. "மேல்நெலத்துக்காரங்க மோட்டாரு ஓடிக்கினேதான் இருந்துச்சி. அண்ணன் மோட்டாரு மட்டும்தான் நின்னுச்சி. எனக்குத் தெரியும். எழுந்துகூட ஒக்காந்தேன். ஞாயித்துக்கெழம பங்காளிங்க முன்னால என்னை அப்டி பேசினாரே, கெடக்கட்டும்னு திரும்பப் படுத்துட்டேன்."

"ஒன் பொண்டாட்டி முழிச்சிக்கினு இருந்தாளா?"

"இருந்தா. போய்ப் பாருன்னுதான் சொன்னா."

"ஏன் இத்தினி நாளு சொல்லல?"

"எழுந்தேன்னு சொன்னா, எழுந்துபோயி வெட்டுனேன்னு எழுதிக்குவாங்க அண்ணி. ஒங்க கிட்ட சொல்லலாம்னா, நீங்க கேக்கவே இல்ல."

சட்டப்படி இது ஒன்றுமில்லை. ஒப்புதல் வாக்குமூலமும் அல்ல, வேறிடத்தில் இருந்ததற்குச் சான்றும் அல்ல. முன்னால் கொடுத்த வாக்குமூலத்துக்கு முரணானது என்பதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேண்டுமானால் பிடித்திருக்கும். கேபிள் திருடர் கொள்கைக்கு இது கொஞ்சம் வலுச்சேர்க்கிறது. அவர் அன்று எழுந்தார் என்பதால் போலீசார் கொள்கைக்கும் கொஞ்சம் வலுச்சேர்க்கிறது. தன்னைப் பற்றிக் கேவலமான ஒன்றை ஒருவன் ஒப்புக்கொண்டால், அதைவிடக் கேவலமானதை மறைக்கிறான் என்றும் கொள்ளலாம், மறைக்க வேறு எதுவும் இல்லை என்றும் கொள்ளலாம். நீதிமன்றத்தில் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். முகத்தில் வித்தியாசம் தெரியாது.

அந்த அம்மா டீயை எடுத்துக் குடித்தார். ஆறியிருக்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தாரை வாக்கறப்ப தலையக் குனிஞ்சிக்கினு ஒக்காராத. நிமிந்து ஒக்காரு. அத்தினி பேரும் ஒன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நானும் பாப்பேன்."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அதற்குள் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். காவல் நிலையத்தில் கூடுதல் வாக்குமூலம் கொடுப்பதுதான் முறை என்று நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆகட்டும் சார் என்றார். ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் போனபின் மனைவி கேட்டாள், நீங்க நம்பறீங்களா என்று. நம்பிக்கை என்பது சான்று அல்ல என்றேன். ஒங்கள கோர்ட்டுல கேக்கல, வூட்ல கேக்கறேன் என்றாள். அதற்குப் பதில் சொல்லக் காலவரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. நான் இன்னும் சொல்லவில்லை.

வைகாசியில் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். நானும் மனைவியும் போயிருந்தோம். பத்திரிகையில் சித்தப்பா, சித்தி பெயர் இருந்தது. கண்டமங்கலத்துப் பங்காளி முன்வரிசையில், கூப்பிட்டால் எழுந்து போகத் தயாராக, புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் இத்தனை பேர் தாரை வார்ப்பதைப் பார்க்க நின்ற கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

பெண்ணின் கை, மாப்பிள்ளையின் கை, அதன்மேல் சித்தப்பாவின் கை. சித்தி செம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்காருகிறவரைப் போல. கைம்பெண் என்பதால் வழக்கப்படி பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டிய அந்த அம்மா, மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தண்ணீர் முழுதும் வடியும்வரை கொழுந்தனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சாம்பார் போதுமா என்று பார்க்கப் பந்திப் பக்கம் போனார்.

கல்யாணம் முடிந்தபின் இருவருமே பதிலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மனு என்று ஒன்று போட்டால் அதற்கு ஒரு முடிவு வந்தாக வேண்டும். மேல்முறையீட்டுக்கும் தொண்ணூறு நாள் மனுவுக்கும் மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கொலையுண்டவருக்கு முதல் வருடத் திதி வந்தது. ஊரில் தம்பிதான் செய்தார் என்று கேள்விப்பட்டேன்.

அரசு அலுவலகங்களின் வருடாந்தர வழக்கம் ஒன்று வெளியாருக்குத் தெரியாது. ஆயுத பூஜைக்கு மேசைகளைத் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். மேசையைத் துடைக்க வேண்டுமென்றால் அதன்மேல் கிடக்கும் காகிதங்களை எங்காவது தள்ள வேண்டும். கட்டாகக் கட்டி ஒதுக்க முடியாதது தபாலில் போகும். வருடம் முழுக்க நகராத பதில்கள் அந்த வாரத்தில் நகர்வதை என் உத்தியோகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கத்தியைக் கழுவிய அதே பூஜை, ஒரு வருடம் சுற்றி வந்து, கத்தியைப் பற்றிய காகிதத்தையும் மேசையிலிருந்து கிளப்பியது.

என் முகவரிக்கு வந்த உறையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். படிங்க சார் என்றார். படித்தேன். மூன்றாம் பொருளான வெட்டுக்கத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம், சந்தனம், தாவர எண்ணெய் ஆகியவை காணப்பட்டன. ரத்தம் கண்டறியப்படவில்லை. வழக்கு தொடர்ந்து புலன்விசாரணையில் உள்ளது.

"நான் எங்கியாவது கையெழுத்து போடணுமா சார்?"

வேண்டாம் என்றேன்.

"அவனுக்கும் ஒண்ணு வந்திருக்கும் இல்ல?"

வந்திருக்கும், அவரும் மனுப் போட்டவர்தான் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கீழே வந்து, பழைய பழக்கத்தில், கடிதத்தின் இடது மூலையில் வந்து சேர்ந்த தேதியைக் குறித்து அதன் கீழே சுருக்கொப்பமிட்டேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள்.